பள்ளிக்கூடம் நின்ற காணி

புத்தளம்
14.03.2022

வடிவம்மா ரீச்சர் அவர்களுக்கு,

போன கிழமை நானும் மஸாஹிர் நானாவும் நொச்சிக்கேணிக்கு வந்திருந்தோம். நீங்கள் இரண்டு கோப்பை தேத்தண்ணி கொண்டு வந்து மேசையில் வைத்தீர்கள். "வகுப்பு நடக்குது, முடிச்சிட்டு வாறன்" என்று உள்ளே போனீர்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தோம். வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போனார்கள். நீங்கள் வரவில்லை.

அன்று பின்னேரம் போன் எடுத்தீர்கள். எடுத்ததும் அழுதீர்கள். அழுகிறவரிடம் நான் எதைக் கேட்பது? அதனால்தான் எழுதுகிறேன். இனி நீங்கள் போன் எடுத்தாலும் நான் தூக்க மாட்டேன்.

கேட்க வேண்டியது ஒன்றுதான். எங்கள் வாப்பாவின் காணியில் லூத்தரன் சபையின் பள்ளிக்கூடம் எப்படி வந்தது?

படலையில் நீலப் பலகை. "நொச்சிக்கேணி லூத்தரன் பாலர் பாடசாலை, ஆரம்பம் 2011." வாப்பா நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்த இடத்தில் மண்டபம். நானும் நானாவும் பிறந்த வீடு நின்ற இடத்தில் ஊஞ்சலும் சறுக்கு மரமும். கிணறு மட்டும் பழைய கிணறு. நானா அதன் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு இளம் ரீச்சர் ஓடி வந்து, "ஐயா, வெளி ஆக்கள் கிணத்தடிக்கு வரப்படாது" என்றா. அவாவில் பிழை இல்லை. அவாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் எல்லோரும் போக வேண்டும் என்று இயக்கம் சொன்னபோது, வாப்பா உங்கள் அப்பாவைக் கூப்பிட்டுத்தான் காணியை ஒப்படைத்தார். "மாயாண்டி, ஒரு மாசத்தில வந்திருவம். மாடுகளைப் பார்த்துக்கொள்" என்றார். அப்போது நீங்களும் நானும் பத்தாம் வகுப்பு. அந்த ஒரு மாதம் முப்பத்தொரு வருடமாகிவிட்டது. வாப்பா 2003இல் இங்கே அகதிக் குடியிருப்பில், ஓலைக் கொட்டிலுக்குள் மௌத்தானார்.

திரும்பி வரும் முஸ்லிம் குடும்பங்களுக்கு இப்போது ஒரு வீட்டுத் திட்டம் வந்திருக்கிறது. காணி கையில் இருந்தால்தான் பெயர் பதிவார்கள். இந்த வருடம் முடிவதற்குள் காட்ட வேண்டும். என் மகள் இஷ்ரா கல்யாணம் கட்டி ஒன்றரை வருடம். என் தையல் அறையின் நடுவில் சீலை கட்டித்தான் அவளும் மருமகனும் குடும்பம் நடத்துகிறார்கள்.

பதில் எழுதுங்கள். அழுகையை விட்டுவிட்டு எழுதுங்கள்.

மீ. ஜொஹறா


நொச்சிக்கேணி
02.04.2022

அன்பின் ஜொஹறா,

உன் கடிதத்தின் முதல் வரிகளை வாசித்தபோது கல்வித் திணைக்களத்திலிருந்து யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். 'அவர்களுக்கு' என்கிறாய், 'நீங்கள்' என்கிறாய். ஒரே வாங்கில் பத்து வருடம் இருந்தோம். நான் உன்னை நீ என்றுதான் எழுதுவேன்.

அன்றைக்கு நான் வராததற்கு ஒரே காரணம் பயம். மஸாஹிர் அண்ணன் கிணற்றடியில் நின்ற நிலையைப் பார்த்தேன். பின்பக்கக் குசினியால் இறங்கி, குளக்கட்டில் போய் இருந்துவிட்டேன். இந்த வயதில் இப்படி ஒளிந்தேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எப்படி வந்தது என்று கேட்டாய். சொல்கிறேன்.

2010 கடைசியில் செட்டிக்குளம் முகாமிலிருந்து எங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். என்னிடம் மகள் ரஜிதா மட்டும்தான் மிஞ்சியிருந்தாள். அவரும் மகன் தர்ஷனும் முள்ளிவாய்க்காலோடு போனார்கள். தர்ஷனுக்கு ஏழு வயது. குளத்துக்கு அந்தப் பக்கம் நாங்கள் இருந்த இடமெல்லாம் மிதிவெடிப் பலகை. கண்ணிவெடி அகற்றி முடித்தது றோட்டும் உங்கள் கிணறும் மட்டும்தான். எட்டுக் குடும்பம் உங்கள் கிணற்றைச் சுற்றித் தறப்பாள் கட்டினோம். உங்கள் வீட்டில் ஒரு சுவரும் ஒரு கதவும்தான் மிச்சம் இருந்தன.

பெரிய ஆட்கள் கூலிக்குப் போனால் பிள்ளைகள் பழைய இரும்பு பொறுக்கப் போவார்கள். கிலோ இத்தனை ரூபாய் என்று வாங்க லொறி வரும். ஒரு நாள் தயாளினி என்ற பத்து வயதுப் பிள்ளை எதையோ தட்டி, மூன்று விரல் போய்விட்டது. அடுத்த நாள் காலை எல்லாப் பிள்ளைகளையும் தறப்பாளுக்குக் கீழே இழுத்துவந்து இருத்தினேன். பதினொரு பேர். உங்கள் கதவைக் கழற்றி, கரி அரைத்துப் பூசிக் கரும்பலகை ஆக்கினேன். பள்ளிக்கூடம் நடத்துகிறேன் என்ற எண்ணம் எனக்கு இல்லை. அவர்கள் இரும்புக்குப் போகாமல் இருந்தால் காணும் என்றுதான் இருந்தது.

மூன்று மாதம் கழித்துப் போதகர் கிருபன் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஹட்டன் பக்கத்துப் பையன், அப்போது முப்பது வயதும் இராது. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் சனம் வன்னியில் எங்கெங்கே இருக்கிறது என்று தேடி வந்தவர். அரை நாள் மரத்தடியில் இருந்து பார்த்தார். "அக்கா, நீங்க நடத்துங்க. எங்க சபை பின்னால நிக்கும்" என்றார். "தம்பி, நான் சைவம். மாற மாட்டன்" என்றேன். "நான் கேக்கவே இல்லையே அக்கா" என்றார். இந்தப் பதினொரு வருடத்தில் ஒரு முறைகூட அவர் அதைக் கேட்டதில்லை. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் தகரக் கூரை. 2013இல் மண்டபம். பிறகு இரண்டு அறை, மலசலகூடம், தண்ணீர்த் தாங்கி. பின்னேர வகுப்பு தொடங்கினோம். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், பிறகு சாதாரண தரம் வரைக்கும். விரல் போன தயாளினி இடது கையால் எழுதிப் படித்து, இப்போது ஆசிரியர் கலாசாலையில் இருக்கிறாள். திரும்பி வந்த உங்கள் ஆட்களின் பிள்ளைகள் மூன்று பேரும் படிக்கிறார்கள். காலை ஜெபம் முடிந்த பிறகு அவர்கள் வந்தால் போதும் என்று போதகரே சொன்னார்.

காணியைத் திருச்சபை பாவிக்க விட்டேன். உனக்கு எழுதி அறிவிக்க விலாசம் தெரியாது.

நூற்று நாற்பத்தாறு பிள்ளைகள், ஜொஹறா. இதைத் தூக்கிக்கொண்டு நான் எங்கே போவது?

வடிவம்மா


புத்தளம்
25.04.2022

வடிவம்மா,

நீ என்று எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நானா காணிக் கந்தோருக்குப் போய்ப் பிரதி எடுத்து வந்தார். 2013 மே மாதம் நீ கையெழுத்து வைத்த சத்தியக் கடதாசி என் முன்னால் இருக்கிறது. "மேற்படி காணியை 1990ஆம் ஆண்டு தொடக்கம் எனது சொந்தமாக ஆண்டு அனுபவித்து வருகிறேன். முன்னைய உரிமையாளரான மீராசாகிபு என்பவரோ அவரது வாரிசுகளோ உயிருடன் இருப்பதாக நான் அறியேன்." அதன் கீழே உன் பெயர். அழகான கையெழுத்து. பத்தாம் வகுப்பிலும் உன் கையெழுத்துத்தான் அழகு. அந்தக் கடதாசியை வைத்துத்தான் காணியைத் திருச்சபையின் பெயருக்கு எழுதியிருக்கிறாய். 'பாவிக்க விட்டேன்' என்று எனக்கு எழுதுகிறாய்.

விலாசம் தெரியாதாம். 2012 டிசம்பரில் தண்ணீரூற்றுக்குத் திரும்பிய எங்கள் ஆட்களிடம் நம்பர் வாங்கி நீயே எனக்குப் போன் எடுத்தாய். மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை. கடை வாசலில் நின்று கதைத்தேன். "இஷ்ராவுக்கு எத்தனை வயது?" என்று கேட்டாய். "பன்னிரண்டு" என்றேன். "என்ர மகனும் இருந்திருந்தால் ஒரு வயதுதான் குறைவு" என்றாய். அதற்குப் பிறகு ஐந்து மாதத்தில் நீ என்னையும் என் மகளையும் சாகடித்துக் கையெழுத்து வைத்திருக்கிறாய்.

எங்களை ஆயுதம் காட்டித் துரத்தினவர்கள்கூட நாங்கள் செத்துப்போனோம் என்று எழுதி வைக்கவில்லை.

நீ கரி பூசிய கதவு, உம்மா எங்கள் இரண்டு பேரையும் பெற்ற அறையின் கதவு. அதில் நீ பிள்ளைகளுக்கு என்ன எழுதிக் காட்டினாய்?

ஜொஹறா


நொச்சிக்கேணி
16.05.2022

ஜொஹறா,

ஓம். பொய்ச் சத்தியம் செய்தேன்.

கடிதம் வந்து மூன்று வாரம். தினமும் எடுத்து வாசித்தேன். சாட்டு ஒன்றும் அகப்படவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மண்டபம் கட்ட வெளிநாட்டுச் சபையொன்று முன்வந்தது. காணிக்கு எழுத்து இருந்தால்தான் கட்டுவோம் என்றார்கள். போதகர் என்னிடம் வந்தார். "அக்கா, இந்தக் காணி உங்களோடதுதானே?" என்றார். அவருக்குப் பின்னால் அறுபது பிள்ளைகள் வெயிலில் இருந்து வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஓம் தம்பி" என்றேன். அவர் என்னை நம்பினார். அந்தப் பொய்யில் அவருக்குப் பங்கில்லை. நான் மட்டும்தான்.

ஆனால் நீ எனக்குப் பிரதி எடுத்துக் காட்டிய மாதிரி நானும் உனக்கு ஒன்றைக் காட்ட வேண்டும். என்னுடையதற்குப் பிரதி இல்லை. எழுதப்படாத ஒன்றுக்கு எந்தக் கந்தோரில் பிரதி எடுப்பது?

1977 கலவரத்தில் தோட்டத்தில் எங்கள் லயத்தைக் கொளுத்தியபோது என் அப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த ஊருக்கு வந்தார். எனக்கு இரண்டு வயது. அப்போது உங்கள் இரண்டு ஏக்கரும் காடு. காணி உறுதி உன் வாப்பாவின் பெயரில் இருந்தது. காடும் அப்படியே இருந்தது. மரத்தைத் தறித்து, வேரைக் கிண்டி, கிணற்றை வெட்டியவர் என் அப்பா. பாறை வந்த இடத்தில் இரண்டு மாதம் அலவாங்கோடு நின்றார். உன் வாப்பா அப்போது சொன்னார்: "மாயாண்டி, கிணத்துக்கு வடக்கால கால் ஏக்கர் உனக்கு. இந்தப் போகம் முடிய எழுதித் தாறன்." எத்தனை போகம் முடிந்தது தெரியுமா? பதின்மூன்று வருடம், வருடத்துக்கு இரண்டு போகம். ஒவ்வொரு அறுவடை முடியவும் அப்பா குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு உங்கள் வீட்டு முற்றத்துக்கு வருவார். ஒரு மூட்டை நெல்லோடு திரும்பிப் போவார்.

நீங்கள் போன அன்று அம்மா அப்பாவிடம், "இப்பவாவது ஒரு துண்டுக் கடதாசி கேளுங்க" என்றா. "வீட்ட விட்டுப் போற மனுசங்ககிட்ட காணிய கேக்கிறதா? நாமளும் அப்படி வந்தவங்கதானே" என்று அப்பா சொல்லிவிட்டார். உங்கள் மாடுகளைப் பார்த்தார். மாடுகள் எல்லாம் செத்து முடிந்த பிறகும் வேலி அடைத்தார். 2006இல் அந்த மனுசன் கால் ஏக்கர் இல்லாமல்தான் செத்தார்.

சத்தியக் கடதாசியை எழுத்தர் வாசித்துக் காட்டினார். 'எனது சொந்தமாக ஆண்டு அனுபவித்து' என்ற இடம் வந்தபோது எனக்கு அது பொய்யாகப் படவில்லை. அடுத்த வரிதான் பொய். அந்த இடத்தில் என் கை நின்றது. நின்றுவிட்டு எழுதியது.

வடிவம்மா


புத்தளம்
19.07.2022

வடிவம்மா,

பெற்றோல் வரிசையும் பஸ் இல்லாததும் உனக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவு தாமதம்.

நானாவிடம் கேட்டேன். "வாப்பா அப்பிடி எத்தினையோ பேருக்குச் சொல்லியிருப்பார். எழுத்தில இருக்கா?" என்றார். அது என் வாப்பாவுக்கும் உன் அப்பாவுக்கும் இடையில் நடந்த கதை. இரண்டு பேரும் இப்போது இல்லை. நான் அதற்குள் வரப்போவதில்லை.

மத்தியஸ்த சபையில் செப்டெம்பர் 12ஆம் திகதி விசாரணை. திருச்சபைக்கும் கடிதம் போயிருக்கும். உன்னையும் கேட்பார்கள். அந்தக் கடதாசியை அப்படியே நிலைநாட்டினால் நாங்கள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். பத்து வருடம் ஆகும் என்று சட்டத்தரணி சொல்கிறார். வீட்டுத் திட்டம் பத்து மாதம்கூட நிற்காது. இஷ்ரா வயிற்றோடு இருக்கிறாள்.

எதைச் சொல்வதென்று உனக்கு நான் சொல்லித் தர மாட்டேன். நான் முன் கதிரையில் இருப்பேன். உயிரோடு இருப்பேன். பார்த்துவிட்டுச் சொல்.

ஜொஹறா


வவுனியா
08.01.2023

ஜொஹறா,

விலாசம் மாறியிருக்கிறது. இது ரஜிதாவின் வீடு. காரணம் உனக்கு விளங்கும்.

அன்று விசாரணையில் நான் எழுந்து நின்று, "இவா மீராசாகிபுவின்ர மகள். உயிரோட இருக்கிறா எண்டு தெரிஞ்சுகொண்டுதான் கையெழுத்து வச்சனான்" என்று சொன்னதை நீ கேட்டாய். உன் நானா கைகளை விரித்து இறைவனுக்கு நன்றி சொன்னார். நீ என்னைப் பார்க்காமல் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

போதகர் கிருபன் வாசல்படியில் இருந்தார். "அக்கா, பத்து வருஷம் என்கூட ஒரே மேசையில சாப்பிட்டிங்க. ஒரு நாள் சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

திருச்சபை வழக்காடவில்லை. அதை நீ நினைவில் வைத்திரு. "பொய்யின் மேல் கட்டின பள்ளிக்கூடம் எங்களுக்கு வேண்டாம்" என்று செயற்குழு முடிவெடுத்துக் காணியைத் திருப்பித் தந்தது. அதே கூட்டத்தில் அடுத்த தீர்மானம் என்னைப் பற்றியது. பொய்ச் சத்தியம் செய்தவள் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கக் கூடாது. அதுவும் சரிதான். பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இன்னும் கசக்கிறது.

பிரதான வீதியில் சபை அங்கத்தவர் ஒருவர் ஒரு ஏக்கர் கொடுத்திருக்கிறார். அங்கே மாடிக் கட்டடம் எழும்புகிறது. அத்திவாரக் கல் வைத்த நாளில் பள்ளிக்கூடத்தின் வரலாறு என்று ஒரு சிறு புத்தகம் அடித்துக் கொடுத்தார்கள். தயாளினி எனக்கு ஒன்று அனுப்பினாள். 'சபையின் ஊழியத்தால் 2011இல் பதினொரு பிள்ளைகளோடு ஆரம்பிக்கப்பட்டது' என்று இருக்கிறது. பதினொன்று என்ற கணக்குச் சரி. தேடிப் பார்த்தேன், என் பெயர் எங்கும் இல்லை.

இங்கே ஒரு முன்பள்ளியில் வேலை. படிப்பிக்க அல்ல. பிள்ளைகளுக்கு முகம் கழுவி, சாப்பாடு கொடுத்து, கூட்டித் துடைக்க. அந்த ரீச்சருக்கு இருபத்துமூன்று வயது. 'ங' எழுதச் சொல்லிக் கொடுக்கும்போது கையைப் பிழையாகப் பிடிக்கிறா. நான் விளக்குமாறோடு அடுத்த அறைக்குப் போய்விடுவேன்.

உனக்குக் காணி வந்துவிட்டது. சந்தோஷமாக இரு என்று எழுத வேண்டும். பேனை போகவில்லை.

வடிவம்மா


நொச்சிக்கேணி
21.08.2023

வடிவம்மா,

முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு இந்த ஊர்ப் பெயரைக் கடிதத்தின் தலையில் எழுதுகிறேன்.

சந்தோஷமாக இருக்கிறேனா என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். வீட்டுத் திட்டத்தில் அத்திவாரம் மட்டும் போட்டார்கள். நாட்டில் காசில்லை என்று அதோடு நின்றுவிட்டது. மண்டபத்துக் கூரையைத் திருச்சபை கழற்றிக்கொண்டு போனது. அது அவர்கள் சாமான். இரண்டு அறையை மட்டும் விட்டார்கள். நானும் இஷ்ராவும் குழந்தையும் தெற்கு அறையில் இருக்கிறோம். மருமகன் கொழும்பில் வேலை. சுவரில் நீ வரைந்த அணிலும் ஆடும் அப்படியே இருக்கின்றன. சுண்ணாம்பு அடிக்க நினைத்தேன். குழந்தை அணிலைப் பார்த்துத்தான் சிரிக்கிறது. விட்டுவிட்டேன்.

புதுப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. இருநூறு பிள்ளைகளுக்கு மேல் என்கிறார்கள். வான் ஓடுகிறது, ஊதாச் சீருடை. இன்னொன்றும் கேள். நானா தன் பேத்தியை அங்கேதான் சேர்த்திருக்கிறார். "பக்கத்தில வேற நல்ல பள்ளிக்கூடம் எங்க இருக்கு?" என்கிறார். கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுசன்.

காசில்லாத வீட்டுப் பிள்ளைகளை வான் ஏற்றுவதில்லை. சிலர் பழக்கத்தில் பின்னேரம் இங்கே வந்து படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "வடிவம்மா ரீச்சர் எப்ப வருவா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். என்னிடம்!

நானா கடையைப் பார்க்கப் புத்தளத்துக்கும் இங்கேயுமாக அலைகிறார். இரண்டு பெண்கள் தனியே இருக்க எனக்குப் பயம். காணியும் பற்றை மண்டிக் கிடக்கிறது. வடக்கு அறை சும்மா இருக்கிறது. நீ வந்து இரு. வாடகை ஒன்றும் வேண்டாம். பின்னேரம் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடு, காணியையும் பார்த்துக்கொள்ளலாம்.

நான் உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. இடம் இருக்கிறது, ஆள் தேவை. அவ்வளவுதான்.

ஜொஹறா


வவுனியா
10.09.2023

ஜொஹறா,

'காணியையும் பார்த்துக்கொள்ளலாம்.'

உன் கடிதத்தில் மற்றதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. இந்த ஒரு வரி மட்டும் நிற்கிறது. இதைத்தான் உன் வாப்பா என் அப்பாவுக்குச் சொன்னார். வாடகை வேண்டாம், இருக்க இடம் இருக்கிறது, காணியையும் பார்த்துக்கொள். நாங்கள் பார்த்துக்கொண்டோம். தோட்டத்தில் துரையின் தேயிலையைப் பார்த்தோம். இங்கே வந்து உங்கள் காட்டை, உங்கள் கிணற்றை, உங்கள் மாட்டைப் பார்த்தோம். கடைசியில் திருச்சபையின் பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். ஒன்றையும் எங்களுடையது என்று சொல்லக் கூடாது. சொன்னால் பொய்ச் சத்தியம்.

படலையில் நிற்கும் பிள்ளைகளை எழுதியிருந்தாய். அதை எழுதியது உன் கெட்டித்தனம். எனக்கு எங்கே நோகும் என்று உனக்குத் தெரியும். இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. ரஜிதா, "போங்கோவன் அம்மா, இஞ்ச கூட்டித் துடைக்கிறதுக்கு அங்க போய்ப் படிப்பிக்கலாம்தானே" என்றாள்.

நான் வர மாட்டேன். நீ 'போ' என்றால் அடுத்த நாளே எழும்ப வேண்டிய இடத்தில் இனி நான் கரும்பலகை மாட்ட மாட்டேன். அப்படிப் பள்ளிக்கூடம் நடத்தியவளுக்கு என்ன நடந்தது என்று நான் பார்த்துவிட்டேன்.

பிள்ளைகளிடம் ரீச்சர் செத்துப்போனா என்று சொல்லிவிடு. நான் உனக்கு அப்படித்தானே செய்தேன்.

இனி எழுதாதே.

வடிவம்மா


நொச்சிக்கேணி
05.02.2024

வடிவம்மா,

எழுதாதே என்றாய். இது கடைசி. முழுக்க வாசி.

வாப்பா கால் ஏக்கர் தருகிறேன் என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். ஒரு முறை அல்ல. ஒவ்வொரு அறுவடை முடியவும் உன் அப்பா முற்றத்தில் நிற்பார், வாப்பா சாய்கதிரையில் இருந்து, "அடுத்த போகம் பார்ப்பம் மாயாண்டி" என்பார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்பேன். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. அடுத்த நாள் வகுப்பில் உனக்குப் பக்கத்தில் வந்து இருப்பேன். நீ அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. நீ எழுதியபோது எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. 'நான் அதற்குள் வரப்போவதில்லை' என்று உனக்கு எழுதினேன். நான் பிறந்ததே அதற்குள்தான்.

நானாவும் நானும் காணியைப் பிரித்தோம். மார்க்கப்படி அவருக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு. வடக்குப் பக்கத்தை எனக்குக் கேட்டு வாங்கினேன். அளவையாளரைக் கொண்டுவந்து அதில் நாற்பது பேர்ச், அந்தக் கால் ஏக்கரை, அளந்து, நான்கு மூலைக்கும் கல் போட்டாயிற்று. வடக்கு அறை அதற்குள் வருகிறது. நானா பார்த்துக்கொண்டு நின்றார். "எங்களைச் செத்ததெண்டு எழுதினவளுக்கோ குடுக்கிறாய்?" என்றார். "ஓம், அவளுக்குத்தான்" என்றேன். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைப்பதில்லை. எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவர். அதையும் நீ தெரிந்துகொள்.

நீ செய்ததை நான் மன்னிக்கவில்லை. பல தடவை முயன்று பார்த்தேன், வரவில்லை. இஷ்ராவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வரி ஞாபகம் வருகிறது. இது வேறு விஷயம். வாப்பா சொன்ன வார்த்தையோடு அவர் கபுறில் கிடக்கக் கூடாது.

முல்லைத்தீவில் நொத்தாரிசுவிடம் நன்கொடை உறுதி எழுதியாயிற்று. பெற்றுக்கொள்கிறவரும் கையெழுத்து வைத்தால்தான் செல்லுமாம். அடுத்த கிழமை திங்கள் நான் போய் என் கையெழுத்தை வைத்துவிட்டு வருவேன். நீ செவ்வாய்க்கிழமை போ. அடையாள அட்டையை மறக்காதே. திங்கட்கிழமை வந்துவிடாதே. காணிக்கு வந்தால் உன் படலையால் வா. வடக்குப் பக்கமாக வேலியைப் பிரித்து வைத்திருக்கிறேன். என்னைத் தாண்டிப் போக வேண்டியதில்லை.

இன்னொன்று. உறுதியை வாசித்துக் காட்டியபோது, 'நான் அவர்மீது கொண்டுள்ள அன்பும் பாசமும் காரணமாக' என்று ஒரு வரி வந்தது. "அதை வெட்டுங்கோ" என்றேன். "அம்மா, எல்லா நன்கொடை உறுதியிலயும் அப்பிடித்தான் எழுதுறது. அது இல்லாமல் எழுதிப் பழக்கமில்லை" என்றார் அந்த மனுசன். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அதனால் அந்த வரி அதில் இருக்கும். என் கையெழுத்தும் அதன் கீழேதான் இருக்கும்.

நீ அதை நம்ப வேண்டாம்.

ஜொஹறா